சராசரி மறைக்கும் புகை: கேஸ் டர்பைன் மாசை எக்ஸெல்லில் கணக்கிடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமை முதலில் எதற்காகத் திறக்கிறார்கள்? மளிகைக் கணக்கு, சீட்டுப் பணக் கணக்கு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்குத்தான். இவை எல்லாமே கூட்டல், கழித்தல், சராசரி என்ற அளவில் முடிந்துவிடும். அதே எக்ஸெல்லில் ஐந்து வரிசை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, மின்சாரம் தயாரிக்கும் ஒரு பெரிய எஞ்சினிலிருந்து நச்சு வாயு ஏன் வருகிறது, அதை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதையும் கண்டறியலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்து பார்க்கப் போகிறோம்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாப்ட்வேர் துறைக்கு வந்தவன். சொந்த ஊர் போடிநாயக்கனூர். எங்கள் ஊரில் கேஸ் டர்பைன் எதுவும் கிடையாது. ஆனால் ஊருக்கு மேலே உள்ள ஏலமலையில், எரியும் அடுப்பையும் வெப்பத்தையும் நம்பித்தான் ஏலக்காய்த் தொழிலே நடக்கிறது. டர்பைன் கணக்கைப் புரிந்துகொள்ள அந்த அடுப்பு நமக்கு உதவும்.

கேஸ் டர்பைன் எப்படி இயங்குகிறது?

இதில் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதியான கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. இரண்டாவது பகுதியான எரியறையில் அந்தக் காற்றுடன் எரிவாயு சேர்ந்து எரிகிறது. எரிந்து சூடான வாயு மூன்றாவது பகுதியான டர்பைனின் இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டு வெளியேறுகிறது. டர்பைனுடன் இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. ஜெட் விமானத்தின் எஞ்சினும் அடிப்படையில் இதே அமைப்புதான்.

தமிழகத்தில் இப்படிப்பட்ட மின்நிலையங்கள் பல அமைக்கப்பட்டன. சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-ல் தலா 30 மெகாவாட் திறனில் நான்கு டர்பைன்கள் வந்தன. பின்னர் காவிரிப் படுகையில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை நம்பி திருமாகோட்டை, குத்தாலம் ஆகிய இடங்களிலும், ராமநாதபுரம் அருகே வழுதூரிலும் நிலையங்கள் எழுந்தன. நிலக்கரியோடு ஒப்பிட்டால் இயற்கை எரிவாயு சுத்தமான எரிபொருள். சாம்பல் இல்லை, கந்தகமும் மிகக் குறைவு. ஆனாலும் ஒரு தொல்லை உண்டு. அதன் பெயர் நாக்ஸ்.

நாக்ஸ் எங்கிருந்து வருகிறது?

நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிய இரண்டு வாயுக்களையும் சேர்த்து நாக்ஸ் என்று அழைக்கிறார்கள். இது நுரையீரலை எரிச்சல்படுத்தும். வெயிலில் வேறு வாயுக்களுடன் சேர்ந்து, தரையை ஒட்டிய காற்றில் ஓசோனை உண்டாக்கும். அந்த ஓசோன் மனிதர்களுக்கும் கெடுதல், பயிர்களுக்கும் கெடுதல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயற்கை எரிவாயுவில் நைட்ரஜன் கலந்த பொருள்கள் ஏறக்குறைய இல்லை. நாக்ஸில் உள்ள நைட்ரஜன், நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்தே வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே! சாதாரண வெப்பத்தில் அது எதனுடனும் சேராது. காரணம், அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. தீயின் வெப்பம் மிக அதிகமானால் மட்டும் அந்தக் கட்டு உடையும். உடைந்த நைட்ரஜனை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். இந்த வேதிவினை எப்படி நடக்கிறது என்பதை 1940-களில் விளக்கியவர் சோவியத் விஞ்ஞானி யாகோவ் செல்டோவிச். இன்றும் இதற்கு அவர் பெயரையே வைத்து அழைக்கிறார்கள்.

இந்த வினையின் வேகத்தைக் கணக்கிட பாடப்புத்தகங்களில் ஒரு பார்முலா உள்ளது. வெப்பம் கூடினால் நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் வேகம் எத்தனை மடங்கு கூடும் என்று அது சொல்லும். அதை நம் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் வழிமுறை ஒன்றுதான்.

1. புதிய ஸ்பிரெட்ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். ஏ1 முதல் ஏ5 வரை உள்ள செல்களில் 1800, 1900, 2000, 2100, 2200 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்திடுங்கள். இவை தீயின் வெப்பநிலைகள். கெல்வின் அளவில் உள்ளன. இவற்றிலிருந்து 273-ஐக் கழித்தால் நமக்குப் பழக்கமான செல்சியஸ் டிகிரி கிடைக்கும்.

2. பி1 செல்லில் கிளிக் செய்து இந்த பார்முலாவைத் தாருங்கள்:

=இஎக்ஸ்பி(69090/1800-69090/ஏ1)*(1800/ஏ1)^0.5

இதில் இஎக்ஸ்பி என்று உள்ள இடத்தில் இ, எக்ஸ், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்திட வேண்டும். ஏ1 என்பதிலும் ஏ என்ற ஆங்கில எழுத்தையே தர வேண்டும். மேல்நோக்கிய கூரை போன்ற குறி, எண் விசை 6-ல் இருக்கிறது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு 6-ஐத் தட்டினால் கிடைக்கும்.

3. என்டர் தட்டுங்கள். பி1-ல் 1 என்று விடை வரும். வேறு எண் வந்தால் அடைப்புக்குறிகளைச் சரிபாருங்கள்.

4. மீண்டும் பி1 செல்லில் கிளிக் செய்திடுங்கள். செல்லின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் ஒன்று தெரியும். மவுஸால் அதைப் பிடித்து பி5 வரை இழுத்து விடுங்கள். பார்முலா தானாகவே எல்லா வரிசைகளுக்கும் போய்விடும்.

இப்போது பி வரிசையைப் பாருங்கள். தசமங்களைச் சுருக்கிச் சொன்னால் 1, 7.3, 44, 223, 971 என்று இருக்கும். 1800-ல் உருவாகும் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 2200-ல் அது 971 மடங்கு! வெப்பநிலை எண் கூடியது கால் பங்குக்கும் குறைவு. நாக்ஸ் உருவாகும் வேகமோ ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிவிட்டது.

5. இனி முக்கியமான சோதனை. சி1 செல்லில் =(பி1+பி5)/2 என்று தாருங்கள். இங்கும் பி என்பது ஆங்கில எழுத்துதான். விடை 486 என்று வரும்.

இதன் பொருள் என்ன? எரியறையில் உள்ள வாயுவில் பாதி 1800-லும் மீதிப் பாதி 2200-லும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2000. எல்லா வாயுவும் ஒரே சீராக 2000-ல் இருந்தால் விடை 44. பாதிப் பாதியாகப் பிரிந்திருந்தால் 486. சராசரி வெப்பநிலை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நாக்ஸ் உருவாகும் வேகம் 11 மடங்கு வேறுபடுகிறது!

வேறுபாட்டைக் குறைத்துப் பாருங்கள். பாதி வாயு 1900-லும் பாதி 2100-லும் இருந்தால், பி2, பி4 இரண்டின் சராசரி 115 வரும். 486 எங்கே, 115 எங்கே! வாயு சீராகக் கலக்கக் கலக்க நாக்ஸ் இறங்குகிறது. குறைந்த மாசு எரியறையின் முழு ரகசியமும் இந்த மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது.

ஏலக்காய் ஸ்டோரில் தெர்மாமீட்டர்

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறினால் ஏலத் தோட்டங்கள் தொடங்கிவிடும். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடான புகை, அறைக்குள் ஓடும் தகரக் குழாய் வழியாகச் சுற்றி வெளியேறும். குழாயின் சூட்டில் அறை சூடாகி, தட்டுகளில் பரப்பிய காய் உலரும். அறை வெப்பம் சுமார் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்காது.

மலையில் ஸ்டோர் வைத்திருக்கும் என் மாமாவிடம் ஒருமுறை, "உள்ளே எத்தனை டிகிரி மாமா?" என்று கேட்டேன். "மாப்ள, எத்தனை காட்டுதுன்னு கேக்காத. தெர்மாமீட்டர் எங்க தொங்குதுன்னு மொதல்ல கேளு" என்றார்.

அறையின் நடுவில் தொங்கும் தெர்மாமீட்டர் 50 காட்டலாம். ஆனால் குழாயை ஒட்டிய தட்டில் வெப்பம் அதைவிட அதிகமாக இருக்கும். மூலைத் தட்டில் குறைவாக இருக்கும். சராசரி சரியாக இருந்தும் ஒரு தட்டுக் காய் நிறம் மாறிவிடும்; இன்னொரு தட்டுக் காய் ஈரமாகவே இருக்கும். அதனால்தான் தட்டுகளை இடம் மாற்றி வைக்கிறார்கள், காயைக் கிளறி விடுகிறார்கள். காற்றைச் சுழற்ற மின்விசிறி வைத்த டிரையர்களும் வந்துள்ளன.

எரியறையிலும் இதே கதைதான். பழைய வகை எரியறையில் எரிவாயு ஒரு பக்கமும் காற்று ஒரு பக்கமுமாக வந்து, சந்திக்கும் இடத்திலேயே எரியும். மொத்தக் கணக்கில் காற்று தாராளமாக இருந்தாலும், தீ பிடிக்கும் இடத்தில் மட்டும் எரிவாயுவும் காற்றும் மிகச் சரியான விகிதத்தில் இருக்கும். அங்கேதான் வெப்பம் உச்சத்துக்குப் போகும். சாதாரண அறைக் காற்றிலேயே மீத்தேன் சரியான விகிதத்தில் எரிந்தால் சுமார் 2,200 கெல்வின் வரும். டர்பைனில் அழுத்தப்பட்டு ஏற்கெனவே சூடேறிய காற்று வருவதால் இன்னும் அதிகமாகும். குழாயை ஒட்டிய தட்டு போல, இந்தச் சூடான பகுதிகளே பெரும்பாலான நாக்ஸை உண்டாக்குகின்றன.

இதைத் தவிர்க்க இன்ஜினியர்கள் கண்ட வழி எளிமையானது. எரிவதற்கு முன்பே எரிவாயுவைத் தேவைக்கு அதிகமான காற்றுடன் நன்றாகக் கலந்துவிடுவது. ஒரு கிலோ மீத்தேன் முழுமையாக எரிய சுமார் 17 கிலோ காற்று போதும். இதில் ஏறக்குறைய அதுபோல் இரண்டு மடங்கு காற்றைச் சேர்க்கிறார்கள். கூடுதல் காற்றும் சூடாக வேண்டியிருப்பதால் தீயின் வெப்பம் இறங்குகிறது. முன்பே கலந்துவிட்டதால் தனியாகச் சூடேறும் இடமும் இல்லை. முன்பு தீயைக் குளிர்விக்கத் தண்ணீரையோ நீராவியையோ செலுத்துவார்கள். தண்ணீர் இல்லாமலே குறைப்பதால் இந்தப் புதிய முறைக்கு உலர் குறை-நாக்ஸ் முறை என்று பெயர்.

குறைத்துக்கொண்டே போகலாமா?

அப்படியானால் காற்றைக் கூட்டிக்கொண்டே போய் நாக்ஸை அடியோடு ஒழித்துவிடலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. வெப்பம் மிகவும் இறங்கினால் இரண்டாவது விஷம் தலை தூக்கும். அது கார்பன் மோனாக்சைடு.

எரிவாயுவில் உள்ள கார்பன் முதலில் கார்பன் மோனாக்சைடாக மாறி, பிறகுதான் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. இந்த இரண்டாவது மாற்றத்துக்குப் போதிய வெப்பமும் நேரமும் வேண்டும். எரியறையில் வாயு தங்கும் நேரமோ ஒரு நொடியில் நூறில் சில பங்குதான். வெப்பம் குறைந்தால் பாதி வழியிலேயே வெளியேறிவிடும். அதோடு, காற்று மிகுந்த தீ ஆடத் தொடங்கும். சில நேரம் அணைந்தும் போகும். ஆக, மேலே போனால் நாக்ஸ், கீழே போனால் கார்பன் மோனாக்சைடு. இடையில் உள்ள குறுகிய பாதையில்தான் டர்பைன் ஓட வேண்டும்.

இந்தக் கார்பன் மோனாக்சைடு நம் மலைக்கும் அந்நியமானது அல்ல. விறகு அடுப்பின் தீ நாக்ஸ் கணிசமாக உருவாகும் அளவுக்குச் சூடேறாது. ஆனால் இரவு முழுதும் மெல்ல எரியட்டும் என்று காற்று வழியை அடைத்து வைத்தால் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் அது அறைக்குள் வந்துவிடும். எனவே அடுப்பு எரியும்போது ஸ்டோருக்குள் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று படுத்தால் உயிருக்கே ஆபத்து. குழாயின் இணைப்புகளை ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு சோதித்துவிட வேண்டும்.

பெரிய சாப்ட்வேர்கள் என்ன செய்கின்றன?

நாம் போட்ட கணக்கு ஒரே ஒரு வினைக்கானது. அதிலும் வேகம் மட்டுமே தெரியும். ஆக்சிஜன் அளவு எல்லா இடத்திலும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். வெப்பம் குறைந்த தீயில் நாக்ஸ் உருவாக வேறு வழிகளும் உண்டு. அவற்றையும் சேர்த்தால்தான் உண்மையான டர்பைனைக் கணக்கிட முடியும்.

இயற்கை எரிவாயு எரிவதற்கான புகழ்பெற்ற வேதிவினைப் பட்டியல் ஒன்று 1999-ல் வெளியானது. அதன் பெயர் ஜிஆர்ஐ மெக் 3.0. அதில் 53 வகைப் பொருள்களும் 325 வினைகளும் உள்ளன. வெறும் மீத்தேன் எரிவதற்கு இத்தனையா என்று மலைக்க வேண்டாம். தீக்குள் அத்தனை நடக்கிறது.

எரியறையைக் கம்ப்யூட்டரில் பத்து லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் 53 பொருள்களின் அளவு வேண்டும். அதாவது ஒரு கணத்துக்கு 5 கோடியே 30 லட்சம் எண்கள். அடுத்த கணத்துக்கு மீண்டும் அத்தனை. இதற்கு ஒரு கம்ப்யூட்டர் போதாது. நூற்றுக்கணக்கான பிராசசர்கள் சேர்ந்து நாள்கணக்கில் ஓட வேண்டும்.

எனவே இன்ஜினியர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் எளிய வேதிக் கணக்குடன் காற்றோட்டத்தை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிடுவார்கள். எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர்ச்சி என்று அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரே மாதிரியான இடங்களைச் சேர்த்து எரியறையைச் சில பத்துப் பெட்டிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வாயு முழுமையாகக் கலந்திருப்பதாகக் கொண்டு, 325 வினைகளையும் அதில் ஓட்டுவார்கள். ஸ்டோரில் குழாயை ஒட்டிய தட்டுகள், நடுத் தட்டுகள், மூலைத் தட்டுகள் என்று தனித்தனியே கணக்குப் பார்ப்பதைப் போன்றது இது. இந்த அளவு கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரே செய்துவிடும். கான்டெரா என்ற இலவச சாப்ட்வேர் இதற்கு உள்ளது. பைத்தான் கற்றவர்கள் இன்ஸ்டால் செய்து பார்க்கலாம். மேலே சொன்ன வினைப் பட்டியலும் அதனுடனேயே கிடைக்கிறது. எரிதல் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே சென்னை ஐஐடியில் ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இத்துறையில் ஆர்வம் உள்ள மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிபிஎம் கணக்கிலும் ஒரு பொடி உண்டு

மாசு அளவை பிபிஎம் என்று சொல்வார்கள். பத்து லட்சம் பங்கு வாயுவில் எத்தனை பங்கு என்று பொருள். 1999-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இயற்கை எரிவாயுவில் ஓடும் புதிய மின்நிலையங்களுக்கு நாக்ஸ் வரம்பு வைத்தது. 400 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 50 பிபிஎம், 100 முதல் 400-க்குள் என்றால் 75, 100-க்குக் கீழ் என்றால் 100.

இந்த எண்கள் 15 சதவீத ஆக்சிஜன் என்ற அளவுகோலில் சொல்லப்படுகின்றன. ஏன் தெரியுமா? புகைபோக்கியில் வெறும் காற்றைக் கலந்தாலே பிபிஎம் இறங்கிவிடும். நாக்ஸ் ஒரு துளியும் குறையாது. பாலில் தண்ணீர் ஊற்றி அடர்த்தியைக் குறைப்பது போலத்தான். இதைத் தடுக்கவே ஆக்சிஜன் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இதையும் செல்லில் போட்டுப் பாருங்கள். 18 சதவீத ஆக்சிஜன் உள்ள புகையில் 30 பிபிஎம் அளந்ததாகக் கொள்வோம். காலியாக உள்ள ஒரு செல்லில் =30*(20.9-15)/(20.9-18) என்று தாருங்கள். விடை 61 வரும். 20.9 என்பது காற்றில் உள்ள ஆக்சிஜனின் சதவீதம். 30 என்று பார்க்க அழகாக இருந்த எண், உண்மையில் 50 பிபிஎம் வரம்பைத் தாண்டியது என்று தெரிகிறதல்லவா?

எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கம்ப்யூட்டர் தந்த விடை என்றாலே சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். கம்ப்யூட்டர் நாம் கொடுத்ததைத்தான் கணக்கிடும். சராசரி வெப்பநிலையைக் கொடுத்தால் 44 என்று சொல்லும். சூடான பாதியையும் குளிர்ந்த பாதியையும் தனித்தனியே கொடுத்தால் 486 என்று சொல்லும். இரண்டுமே பிழையில்லாத கணக்குதான். ஆனால் அந்த எரியறைக்குப் பக்கத்து ஊரில் வசிப்பவர்கள் சுவாசிப்பது இரண்டாவது எண்ணுக்கான காற்றை.

எனவே மாசு பற்றிய எந்தக் கணக்கைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது ஒரே இடத்தின் அளவா, சராசரியா, இல்லை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் போட்டதா? எந்த ஆக்சிஜன் அளவுகோலில் சொன்னது? கம்ப்யூட்டர் சொன்ன விடையை ஓடும் எஞ்சினின் புகையில் கருவி வைத்து அளந்து ஒப்பிட்டார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் இல்லாவிட்டால் அந்த விடை வெறும் மதிப்பீடுதான்.

நீங்கள் உருவாக்கிய இந்த ஸ்பிரெட்ஷீட்டை நாக்ஸ் என்ற பெயரில் சேவ் செய்து வைத்திடுங்கள். ஏ வரிசையில் உள்ள வெப்பநிலைகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். 1600 கொடுத்தால் என்ன வருகிறது? 2400 கொடுத்தால்? ஏ, பி இரண்டு வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் வசதியில் கிளிக் செய்து, புள்ளிகள் கொண்ட வரைபட வகையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தரையோடு தரையாகப் போகும் கோடு, திடீரென்று மலைச் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அந்தச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டால், டர்பைன் இன்ஜினியர்கள் ஏன் அதன் அடிவாரத்திலேயே நின்றுகொள்ளப் பாடுபடுகிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.